உத்தேச வயது

பெயர் கனகசோதி.
வயதுக் கட்டத்துக்கு இரண்டு எண் சொன்னார்.
அடையாள அட்டையில் நாற்பத்தொன்பது.
தாயின் கணக்கில் நாற்பத்தாறு,
பெரும் புயல் அடித்த வருசம்.
பிறப்புச் சான்றிதழ் தொண்ணூறில் தொலைந்ததால்
யாரோ ஒரு எழுதுவினைஞர்
முகத்தைப் பார்த்து எழுதியதுதான் அட்டையில் இருக்கிறது.

"எதைப் போட?"
"ரெண்டுக்கும் நடுவில போடுங்கோ."

கொட்பே ஐஸ் ஆலையில் இருபது வருசம்.
குளிரில் சுருங்கிய நாளம்
இரண்டாம் தடவைதான் ஊசிக்குப் பிடிகொடுத்தது.

என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.
நிறமூர்த்தம், டெலோமியர் என்று தொடங்கி
நான் தடுமாற
அவரே எடுத்துக் கொடுத்தார்:
நைலோன் கயிறு. வெட்டின இடத்தில லைட்டர்.
கறுத்து ஒரு குமிழ் விழும், பிறகு பிரியாது.
அடுத்தமுறை வெட்டிச் சுட
அரை விரல் குறையும்.

ஓம், அண்ணை. அதுதான்.
(எனக்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு.)

மைனஸ் எண்பதில் வைத்தேன் அவருடைய இரத்தத்தை.
கரண்ட் போன இரவுகளில்
உறைபெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு
ஜெனரேட்டர் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.
வாசலில் ஒரு புள்ளிமான்
கையுறைப் பெட்டியின் மட்டையை
அவசரமில்லாமல் மென்றது.

முடிவு: ஐம்பத்தெட்டு.

உடனே சொன்னேன்,
இது ஆயிரம் பேரின் சராசரிக்குப் பொருந்தும் கணக்கு,
தனி ஆளுக்குச் சாத்திரம் இல்லை,
ஒரு காய்ச்சல், ஒரு பழைய சிகரட்,
அளந்தவளின் கைநடுக்கம்கூட
இதில் கலந்திருக்கலாம் என்று.

அவர் வேறு யோசனையில் இருந்தார்.
"ஐம்பத்தைந்து தாண்டிட்டுதே தங்கச்சி,
சேமலாப நிதியை இப்பவே எடுக்கலாமோ?"

சிரித்தோம்.
பிறகு அவர் சிரிப்பதை விட்டார்.
"ஒன்பது வருசம் கூட."
விரலை மடித்து எண்ணினார்,
எனக்குக் கேட்காமல், உதடு மட்டும் அசைய.
ஆறில் நின்றது.
"மிச்சம் மூண்டும் ஐஸ்" என்றார்.

அந்த ஆறையும் நான் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

உள்துறைமுக வீதியால் சைக்கிளை மிதித்துப் போனார்,
எந்த வயதுக்காரனும் மிதிக்கிற மாதிரி.

ஒப்பீட்டுக்கு வைத்த குழாய்கள் இரண்டு.
ஒன்று என்னுடையது.
முடிவுத் தாளில் பதினேழாம் வரி.
அதன்மேல் அடிமட்டத்தை வைத்து மூடிக்கொண்டுதான்
மற்றவர்களின் எண்களை
வாசித்துச் சொல்கிறேன்.