முப்பத்தொன்றாம் பக்கத்து வானம்

ஆசிரியரின் குறிப்பு மஞ்சள் கட்டத்தில் வந்திருந்தது:
"பக்கம் 31. வானம் அழுக்காக இருக்கிறது.
குழந்தைகள் பயப்படுவார்கள். நீலமாக்கலாமா?"

லாமா என்று முடியும் கேள்விகளுக்கு
இந்தத் தொழிலில் ஒரே பதில்தான்.

மேசை என்பது பழைய கேரம் போர்டு.
நடுவில் அறுத்துக் கண்ணாடி பதித்து
அடியில் ட்யூப்லைட் வைத்தது.
நான்கு மூலைக் குழிகளில்
ரப்பர், நிப்பு, பல்லி மிட்டாய், வாடகை ரசீது.

கன்டெய்னருக்குள் பிறந்த பூனைக்குட்டி
தன் ஊர் எது என்று தேடுகிறது. அதுதான் கதை.
தொண்ணூற்றாறு பக்கம்.
எழுதுவது நான், வரைவது நான்,
மியாவை எத்தனை விதமாக எழுதலாம் என்று
ராத்திரி பன்னிரண்டு மணிக்குச்
சத்தமாகச் சொல்லிப் பார்ப்பதும் நான்.
பக்கத்து வீட்டு ஜெசிந்தா சுவரைத் தட்டுவாள்.

முன்பணம் மூன்று தவணை.
இரண்டாவது, ஐம்பதாம் பக்கம் முடிந்தால்.
பூனை இப்போது நாற்பத்து நாலில்
துறைமுகக் கிரேன்மேல் உட்கார்ந்துகொண்டு
இறங்க மாட்டேன் என்கிறது.

அதனால் சாயங்காலங்களில்
எர்ணாவூர் பாலத்தடியில்
டன்ஸ்டன் அண்ணனின் ஃப்ளெக்ஸ் கடை.
கண்ணீர் அஞ்சலி.
ஆதார் அட்டையிலிருந்து முகத்தை வெட்டி எடுப்பேன்,
காதோர முடி ஒன்றும் விட்டுப்போகாமல்.
இரண்டு புறா, ஒரு விளக்கு, பின்னால் வானம்.
அந்தக் கோப்பின் பெயர் நீலம்_3.
போன மாதம் பதினொரு பேரை அதில் வைத்தேன்.
பவர் ஹவுஸில் சாம்பல் அள்ளிய கன்னியப்பன்
உயிரோடு இருந்தவரை
அத்தனை நீலத்துக்குக் கீழே நின்றிருக்க மாட்டார்.

அங்கே பூனையை எப்படி விடுவது?

விட்டேன். தவணை.
ஒரு தொடுதலில் வாளி கவிழ்ந்தது போல
நீலம் ஓடிப் பரவியது.
சிம்னி வாயிலிருந்த புகையை அழித்தேன்.

கீழ்வீட்டு ரெனிஷா, மூன்றாம் வகுப்பு,
என் முதல் வாசகி. சம்பளம் பல்லி மிட்டாய்.
பிடிக்காத பக்கத்தில் வாய் முழுக்கக் கொட்டாவி விடுவாள்,
தாட்சண்யமே கிடையாது.
முப்பத்தொன்றில் நின்றாள்.
வானத்தில் விரலை வைத்தாள்.
"இன்னாக்கா, பவர் ஹவுஸ் இன்னிக்கு லீவா?"

சிரிக்க நேரமில்லை எனக்கு.
லீவென்றால் யார் விட்டது?
லீவன்று சிம்னி என்ன செய்யும்?
படுத்துக்கொள்ளுமா? படுத்தால்
எண்ணூரிலிருந்து எதுவரை நீளும்?
பூனை அதன் முதுகிலேயே நடந்து போய்விடலாமே.
"கடலுக்குள்ள காலை நீட்டிக்கும்" என்றாள்,
மிட்டாய்க் குழியைத் துழாவிக்கொண்டே.
"அதுக்கும் காலு கொதிக்கும் இல்ல?"

ஆக, முப்பத்திரண்டு முதல் நாற்பத்து நாலு வரை
பதிமூன்று பக்கம் போச்சு.
பூனையை அழித்துத்தான்
கிரேனிலிருந்து இறக்க வேண்டியிருந்தது.
தவணை பொங்கலைத் தாண்டும்.
ஆசிரியருக்கு எழுதினேன்:
நீலமாக்கிவிட்டேன். ஒரே ஒரு நாளைக்கு.
காரணம் அடுத்த பக்கத்தில்.

ஏழு மணிக்கு டன்ஸ்டன் அண்ணன் போன்.
ஆறுக்கு நாலு, அவசரம்.
இட்லிக் கடைக்காரம்மா, அறுபத்திரண்டு வயது.
முகத்தை வெட்டினேன். நீலம்_3 திறந்தேன்.
சாம்பலில் ஒன்று செய்து காட்டினால்
"காசு குடுக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா" என்பார்,
அதுவும் சரிதான்.

முப்பத்தொன்றில் அழித்த புகை
பென்டிரைவில் தனி லேயராகக் கிடந்தது.
அதை எடுத்து, வெளுப்பாக்கி,
புறாக்களுக்குக் கொஞ்சம் கீழே,
அந்த அம்மாவின் தோளருகே வைத்தேன்,
குண்டான் மூடியைத் திறந்த மாதிரி.

மேகம் நல்லாருக்கு என்றார் அண்ணன்.
ரெனிஷாவிடம் காட்டவில்லை.