நிலவுக்கு இரண்டு லீற்றர்

நிலவு வேண்டும் என்றார் கீர்த்தனன்.
காலண்டரில் அன்று தேய்பிறை பதின்மூன்று.
ஆகவே நிலவை பஸ்ஸில் கொண்டுபோனோம்,
ஹட்டனில் ஏற்றி, மடியில் வைத்து,
சாக்கும் பழைய போர்வையும் சுற்றி.
கொண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

போகவந்தலாவைக்கு மேலே ஒரு கீழ்ப்பிரிவு,
எட்டாம் நம்பர் லயம்.

டெரன்ஸ் வத்தளைக்காரன்,
கல்யாண வீடுகளுக்கு வெளிச்சம் பிடித்துப் பழகிய கை.
நிலவு வெள்ளை இல்லை மச்சான், நீலமும் இல்லை,
பால் ஆறும்போது மேலே படியும் ஆடை இருக்கே,
அந்த நிறம், என்றான்.
அதைச் செய்ய அவனிடம் இருந்தது
ஒரு லாம்பு, ஓரம் கருகிய ஒரு நீலத்தாள்,
லயத்தில் இரவல் வாங்கிய பெட்ஷீட்.

அஸ்மின் கம்பளையிலிருந்து ஜெனரேட்டரோடு வந்தான்.
தேர்த்திருவிழாக்களுக்குப் போய் வந்த மெஷின்.
கயிற்றை இழுத்தால் ஓர் இருமல்,
இன்னோர் இருமல், பிறகு உறுமல்.
வசனத்தில் சத்தம் விழாதிருக்க
கானுக்குள் இறக்கி, சுற்றிலும்
கொழுந்துச் சாக்கு அடுக்கினோம்.
ஐம்பது யார் வயர், மூன்று இடத்தில் டேப்.
மழை வந்தால் யாருக்கு முதலில் அடிக்கும் என்று
சிரித்துக்கொண்டோம்.
கொஞ்சமாகத்தான்.

பனி இறங்கியது.
கொழும்பில் புகைக்கு வாடகை கொடுக்கவேண்டும்.
இங்கே அது தானாக வந்து
லாம்பின் முன்னால் நின்றது, சம்பளம் கேட்காமல்.
இந்த மலையில் பனி ஒன்றுதான் அப்படி நிற்கும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்த நாட்கள்
ஞாபகம் வந்தன. மூடிக்கொண்டேன்.

காட்சி சின்னது.
யசோதினி கதவைத் திறப்பாள், படி இறங்குவாள்,
அண்ணாந்து பார்ப்பாள்.
பத்து செக்கன்.

ஆறாவது டேக்கில்
பிரேமின் வலது ஓரத்தால் ஓர் அக்கா
வாளியோடு நடந்துபோனார்.
ஏழாவதில் இரண்டு பிள்ளைகள்,
பின்னால் கம்பளி போர்த்திய ஒருவர்.
எட்டாவதில் யாரும் இல்லை.
ஆனால் சவுண்டில் ஒரு குரல் மிகத் தெளிவாக:
‘லைட்டு இருக்கையிலயே போய்ட்டு வந்துரு புள்ள.’

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.
லயத்துக்கும் கக்கூசுக்கும் நடுவில்
கல் ஏறி இறங்கும் பாதை.
போன மாதம் ஏழாம் நம்பர் வாசலில்
நாயைச் சிறுத்தை தூக்கியிருந்தது.
இருட்டினால் வயிற்றை இறுக்கிக்கொண்டு
விடியும் வரை புரண்டு படுப்பார்களாம்.
நாங்கள் நிலவை, அழகு பார்த்து, அளந்து,
சரியாக அந்தப் பாதையில் விழவைத்திருந்தோம்.

கீர்த்தனன் தலையில் கை வைத்தார்.
பெற்றோல் கேனைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார்.
யசோதினி காட்சிச் சீலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து
வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.
நாலு மணியிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தாளாம்.

ஒன்று ஐம்பதுக்கு டேக் ஓகே. பேக்கப்.
அஸ்மின் சுவிட்சுக்குக் கை நீட்டினான்.
‘இரு,’ என்றான் டெரன்ஸ்.
‘பவளக்கொடி அக்கா உள்ளே.’

நீலத்தாளைக் கழற்றினான், பெட்ஷீட்டை இறக்கினான்,
லாம்பின் முகத்தை மண்ணுக்குத் திருப்பினான்.
அழகு போய்விட்டது.
கல் தெரிந்தது.

அரை மணித்தியாலம்
கானோரம் குந்தி இஞ்சித் தேத்தண்ணீர் குடித்தோம்.
நான்கு காம்பராக் கதவுகள் திறந்து மூடின.
கணக்குக் கொப்பியில் நான் எழுதினேன்:
பனியால் தாமதம், இரண்டு லீற்றர்.

பிறகு அணைத்தோம்.
முன்பு இருந்ததைவிடக் கூடுதலான இருட்டு,
ஒரேயடியாக.
வயரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது
எந்தக் கதவுக்குப் பின்னால் என்று தெரியவில்லை,
ஒருவர் கேட்டார்:

‘நாளைக்கும் படம் புடிப்பீங்களா?’

வயர் ஈரமாக இருந்தது. முழங்கையில் போட்டு
ஒவ்வொரு சுற்றாகத் துடைத்துச் சுற்றினோம்.
மறுநாள் எங்களுக்கு
அப்புத்தளையில் ஒரு விடியற்காலை செய்யவேண்டியிருந்தது.