பதினொன்று நானூறு

ராத்திரி பதினொன்றே கால்.
அக்குளில் முப்பத்தொன்பது புள்ளி நான்கு.
நீலாஸ் அழவில்லை.
அழாததுதான் வயிற்றைப் பிசைகிறது.

மருந்து எடைக்குத் தக்கபடி என்கிறாள்
தொலைபேசியில் செவிலி.
எடை?
கடைசியாக நிறுத்தது இலை உதிர்ந்தபோது.
அவனைத் தூக்கிக்கொண்டு
குளியலறைத் தராசில் ஏறுகிறேன்:
தொண்ணூற்று மூன்று அறுநூறு.
தொட்டிலில் விட்டுவந்து தனியாக ஏறுகிறேன்:
எண்பத்திரண்டு இருநூறு.
பகலெல்லாம் மீன்பெட்டிக் கணக்கு எழுதுகிறவனுக்கு
இந்தக் கழித்தல்
இரண்டு தடவை தப்பாக வருகிறது.
பதினொன்று நானூறு.
'சமர்த்துப் பையன்' என்கிறாள்,
ஏதோ அவனே நிறுத்துச் சொன்னதுபோல.

வாசலில் ஆள் உயரப் பனி.
அதற்கப்பால் ஒரு கடல் நிறையக் குளிர்.
வார்தோ தீவில் எதற்குப் பஞ்சம் வந்தாலும்
குளிருக்கு வந்ததில்லை.
ஒரு கை அள்ளி, துணியில் சுற்றி
நெற்றியில் வைக்கட்டுமா?
வேண்டாம், நடுங்கிப்போவான்.
கம்பளியைக் கழற்றுங்கள்.
கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுங்கள்.
மூச்சு இழுத்தாலோ
எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ
உடனே கூப்பிடுங்கள்.
இல்லையென்றால்
விடியட்டும், பார்க்கலாம்.

விடியட்டும்!
சூரியன் போய் மூன்று வாரம் ஆகிறது.
இன்னும் ஐந்து வாரம் வராது.
அவளுக்கும் தெரியும், அவளும் இந்தக் கரைக்காரிதான்.
இருந்தாலும் அந்தச் சொல்லை
ஆளுக்குப் பாதியாக நம்பிக்கொண்டு
போனை வைக்கிறோம்.

ஸ்ட்ராபெரி வாசனை மருந்து.
முதல் சொட்டு என் சட்டைக்கு,
மிச்சம் அவனுக்கு.

இங்கா மீன்பிடிக் கப்பலில், இயந்திர அறையில்.
அவள் கேள்வி வானத்துக்குப் போய் இறங்குவதற்குள்
நான் வேறொன்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.
'குடித்தானா?'
'தூங்குகிறான்.'
'எவ்வளவு?'
'பதினொன்று நானூறு.'
'என்னது?'
கடைசியில்
போனை அவன் மூக்கருகே வை என்கிறாள்.
வைக்கிறேன்.
அந்தப் பக்கம் டீசல் இரைச்சல்,
இந்தப் பக்கம் சளி இரைச்சல்.
இரண்டும் கொஞ்ச நேரம் பேசிக்கொள்கின்றன.
பிறகு இணைப்பு அறுந்துவிடுகிறது.

கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுகிறேன்.
முப்பத்திரண்டு.
மறுபடி எண்ணினால் முப்பத்தாறு.
நடுவில் என்னுடையதையும்
சேர்த்துவிட்டேனோ.

நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கிறான்,
சுட்டுக் கீழே இறக்கிய பாத்திரம் மாதிரி.
என் கழுத்துப் பள்ளத்தில் வியர்ப்பது
அவனா நானா தெரியவில்லை.
ஜன்னலை ஒரு விரல் அளவு திறக்கிறேன்.
மூடுகிறேன்.
திறக்கிறேன்.

இரண்டு நாற்பதுக்கு
டயபர் ஈரம்!
கனமாக, வெதுவெதுப்பாக, மணமாக.
சம்பள நாளில்கூட நான்
எதையும் இப்படிக் கையில் ஏந்தியதில்லை.
யாரிடமாவது சொல்ல வேண்டும்.
எதிர்வீட்டு ஓட்வார் கிழவன் விளக்கு எரிகிறது,
தூக்கம் வராத மனிதன்.
ஆனால் என்னவென்று போய்ச் சொல்வது.

ஐந்தேகாலுக்குப் பனி வழிக்கும் வண்டி.
அதுதான் எங்கள் ஊர்ச் சேவல்.
ஆரஞ்சு வெளிச்சம்
கூரையைச் சுற்றிச் சுவரில் வழுக்கி
தொட்டில் கம்பிகளை எண்ணிப் போகிறது.
இருட்டில் ஒரு சின்ன விரல் எழுகிறது.
'ப்ரூம்.'
அவனிடம் இருப்பதே ஒன்பது சொல்.
அதில் ஒன்று திரும்பி வந்திருக்கிறது.

முப்பத்தேழு புள்ளி ஒன்பது.
தலையணை நனைந்து கிடக்கிறது.
வாழைப்பழம் கேட்கிறான், ஒரு கடி கடிக்கிறான்,
மென்றதை என் உள்ளங்கையில் துப்பி
'நீ' என்கிறான்.
தின்கிறேன்.
நாளைக்கு எனக்கும் வரும், வரட்டும்.

இப்போது குளியலறைப் பக்கம் கை நீட்டுகிறான்.
தராசு.
ராத்திரி நடந்தது விளையாட்டு என்று
நினைத்துக்கொண்டிருக்கிறான்.
வெளியே அதே இருட்டு, மணி ஆறு.
தூக்கிக்கொண்டு ஏறுகிறேன்.

தொண்ணூற்று மூன்று ஐந்நூறு.
குறைந்த நூறு கிராம்
யாருடையதென்று
நாங்கள் கழித்துப் பார்க்கவில்லை.