கெடு

வின்னிபெக்கில் காலை ஒன்பது மணி.
பூச்சியத்துக்குக் கீழே இருபத்தொன்பது.
திரையில் யாழ்ப்பாணம், இரவு எட்டரை:
ஒரு மின்விசிறி, ஒரு பச்சை அலுமாரி,
நடுவில் பரீட்சைக் கிளை எழுதுவினைஞர் கனகேந்திரம்.

அவருடைய வாயாக இருப்பது என் வேலை.
மணிக்கு நாற்பத்திரண்டு டொலர்.
அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்னவேண்டும், அதுதான் விதி.
அவர் இருமினால் இருமத் தேவையில்லை.

மேசையின் அந்தப் பக்கம் தவரஞ்சினி, பௌதிகவியல் ஆசிரியை.
வவுனியாவில் பதினொரு வருடம்.
இங்கே மூன்று வருடம், பிறர் லீவு போட்ட நாள்களில் மட்டும்.
நிரந்தர இடம் ஒன்று வந்தது,
நேர்முகத்தில் முதலாவதாக வந்தாள்.
பல்கலைக்கழகமே ஒட்டி அனுப்பிய சான்றிதழ் உறை
மே முப்பத்தொன்று, பிற்பகல் நாலரைக்குள் வேண்டும் என்றார்கள்.
ஜூன் ஆறாம் திகதி வந்தது.
இப்போது அது சான்றுப்பொருள் ஏழு.
பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கிறது,
இன்னும் ஒருவரும் திறக்கவில்லை.

பள்ளி வாரியத்தின் சட்டத்தரணி மரியாதையானவர்.
அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லுக்கு
இறுதித் திகதி, முடிவு நாள், தவணை
எல்லாம் என்னிடம் இருந்தன.
வாயில் வந்தது கெடு.
‘கெடு எப்போது என்று உங்களுக்குத் தெரியுமா?’

கனகேந்திரம் யோசித்தார்.
‘கெடு வைக்கிறவைக்குத் தெரியாது தம்பி,
கெடுகிறது ஆர் எண்டு.’

ஒரே சொல். முதலில் நாள், அடுத்து நாசம்.
‘திகதியை வைத்தவர்களுக்கு
யார் பாதிக்கப்படுவார் என்று தெரியாது’ என்றேன்.
சரிதான். உப்பில்லாத சரி.

பிறகு ஏன் பிந்தியது என்று கேட்டார்கள்.
அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்.
நான் ஏப்ரல் இருபத்திரண்டிலேயே தட்டச்சு செய்துவிட்டேன்.
உதவிப் பதிவாளரின் மேசையில் வைத்தேன்.
அவர் மகளின் கலியாணத்துக்கு லீவு.
பிறகு வெசாக்.
நான் இரண்டு தரம் ஞாபகப்படுத்தினேன்.
மூன்றாம் தரம் ஞாபகப்படுத்தவில்லை.
பிழை என்னுடையது.

ஆங்கிலத்தில் நான் அதைச் சொன்னபோது
அறை முழுக்க என்னைப் பார்த்தது.
தவரஞ்சினியும் பார்த்தாள்.
அந்தப் பார்வைக்குப் படி எத்தனை என்று
என் ஒப்பந்தத்தில் இல்லை.

‘அந்தப் பிள்ளைக்கு முதலாம் வகுப்பு,
பெறுபேற்றுப் பட்டியலை ஒட்டினதே நான்தான்’
என்றார், யாரும் கேட்காமல்.
மொழிபெயர்த்தேன்.
சட்டத்தரணி ஆட்சேபித்தார்.
பதிவிலிருந்து நீக்கினார்கள்.

தீர்ப்பு அறுபது நாளில் வரவேண்டியது,
எண்பத்துமூன்றாம் நாள் வந்தது.
யாரும் அதைத் திருப்பி அனுப்பவில்லை.
பன்னிரண்டு பக்கத்தில் ஒன்பது பக்கம்
‘பெறப்பட்டது’ என்றால் கையில் பெறப்பட்டது என்பதற்கு.
அனுதாபம் ஒரு தடவை, கடைசிக்கு முந்திய பந்தியில்.
மேன்முறையீட்டுக்கு முப்பது நாள்.
அவள் இரண்டாம் நாளே கொடுத்துவிட்டு
பற்றுச்சீட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள்.
வேறு ஒரு வார்த்தை இல்லை.
நேரம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது: காலை 8:31.
கந்தோர் திறப்பது எட்டரைக்கு.

எனக்கு அடிக்கடி வருவது அந்தக் காலைதான்.
சாட்சியம் முடிந்து நன்றி சொன்னார்கள், நானும் சொன்னேன்.
இணைப்பைத் துண்டிக்க அவருக்குத் தெரியவில்லை,
எங்களில் ஒருவரும் துண்டிக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.
அலுமாரியைப் பூட்டினார், இழுத்துப் பார்த்தார்,
இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார்.
வாசல்வரை போனவர் திரும்பி வந்து
ஒரு துண்டில் ஏதோ எழுதி
நாட்காட்டி ஆணியில் குத்தினார்.
விசிறி நின்றது. விளக்கு அணைந்தது.

இருட்டுச் சதுரத்தை
ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.
மொழிபெயர்க்க ஒன்றுமில்லை.
என் மணிக்கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.