பதினான்காவது பொருள்

ஓஷ் நகரிலிருந்து எழுதுகிறேன்.
மன்னியுங்கள், இது மூன்றாவது கடிதம்.
முதல் இரண்டையும் நீங்கள் படிக்கவில்லை என்பது
உங்கள் கேள்விகளிலேயே தெரிகிறது.

பன்னிரண்டு கிலோ. அதற்கு மேல் ஒரு சாக்லேட்கூட வேண்டாம்.
சக்கரம் வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம்;
சக்கரம் உருளுகிற தரை அங்கே
வண்டிக்கே அரிது.

டாலர் எல்லாம் சலவை நோட்டாக இருக்கட்டும்.
மூலை மடங்கியதை வாங்க மாட்டார்கள்.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.
அந்தக் காற்றில் சுருக்கம் விழாத பொருள்
ஒன்றாவது கையில் இருக்கட்டும் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

கடவுச்சீட்டின் நகல் ஏழு.
ஒவ்வொரு சாவடியிலும் ஒரு பையன் இருப்பான்,
மூக்கை உறிஞ்சிக்கொண்டு,
உங்கள் பெயரை ரஷ்ய எழுத்தில்
ஒரு கோடு போட்ட நோட்டில் ஏற்ற.
அவசரப்படுத்தாதீர்கள். அவனிடம் பேனா இருக்காது.
பேனா இரண்டு.

கழிப்பறை பற்றிக் கேட்டிருந்தவருக்கு:
வண்டிக்கு இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள்.
மரம் கிடையாது. குடை இருந்தால் நல்லது.

காப்பீட்டுத் தாளில் ஹெலிகாப்டர் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள்.
இருந்தால் மகிழ்ச்சி.
ஹெலிகாப்டர் வருமா என்பது வேறு கதை.

தலை வலித்தால் உடனே சொல்லிவிடுங்கள்.
நாலாயிரம் மீட்டருக்கு மேல் வீரம் பேசியவர்களை
நான்தான் கீழே கொண்டுவந்திருக்கிறேன்,
வாந்திப் பையை மடியில் பிடித்துக்கொண்டு.

கடைசியாக, எல்லாரும் கேட்டது.
பட்டியலில் பதினான்காவது பொருள் எழுத்துப் பிழை அல்ல.
பழைய நைலான் காலுறை. பெண்கள் அணிவது. முழு நீளம்.
ஓட்டை இருக்கக் கூடாது.

*

அனுப்பிவிட்டு வண்டிக் கொட்டகைக்குப் போனேன்.
தொக்தோசுன் அடியில் கிடந்தான், பூட்ஸ் மட்டும் வெளியே.
பெல்ட் புதிது. பிரேக் எண்ணெய் புதிது.
“உதிரிச் சக்கரம் இரண்டா, மூன்றா?”
“போன வருஷம் இரண்டு.”
“போன வருஷம் என்ன ஆயிற்று?”
பூட்ஸ் பதில் சொல்லவில்லை.
மூன்று என்று எழுதிக்கொண்டேன்.

*

வெள்ளியன்று வந்தார்கள், ஆறு பேர்.
பைகளைத் தராசுக் கொக்கியில் மாட்டினேன்.
பதினொன்று. பன்னிரண்டரை.
பத்தொன்பது ஹெட்விக்குடையது;
முடி உலர்த்தும் கருவியை விடுதிக்காரியிடம் ஒப்படைத்து
ரசீது கேட்டாள்.

லின்ட்ஸிலிருந்து வந்த ஓஸ்வின், அறுபத்தெட்டு வயது,
மற்றவர்கள் சாப்பிடப் போகும்வரை நின்றார்.
கோட்டின் உள்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார்.
பிரிக்காதது. அட்டையில் ஒரு பெண்ணின் கால்.

“பழையது கேட்டிருந்தீர்கள்.
பழையதுக்கு நான் யாரிடம் போவேன்?
கடைப் பெண் அளவு கேட்டாள். ஆள் உயரம் கேட்டாள்.
டீசல் வண்டிக்கு என்றேன்.
அதன் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.”

காது சிவந்திருந்தது.
சிரிக்காமல் வாங்கி
ஆரஞ்சுப் புனலோடு சேர்த்துக் கட்டினேன்.

*

அலிச்சூரில் பெட்ரோல் பங்க் என்பது
குல்பேகிம் வீட்டுச் சுவரோரம் ஒரு பீப்பாய்.
அவள் வாளியில் மொண்டாள். டீசல் கடுந்தேநீர் நிறம்.
புனலைத் தொக்தோசுன் பிடிக்க,
புனல் வாயில் காலுறையை விரித்துப் பிடித்தவர் ஓஸ்வின்.
ஹெட்விக் படம் எடுத்தாள்; வேண்டாம் என்றார், பிறகு விட்டுவிட்டார்.

அறுபது லிட்டர் போனதும் தூக்கிப் பார்த்தோம்.
குதிகால் இருக்கவேண்டிய இடத்தில்
மணல், துருச் செதில், ஒரு ஈ,
யாருடைய ஆட்டினுடையதோ நாலு மயிர்.

குல்பேகிம் விரலால் துணியைத் தடவினாள்.
“புதுசா?” என்றாள்.
“இதைப் போய் இதுக்கா?”

ஓஸ்வின் என் முகத்தைப் பார்த்தார்.
மொழிபெயர்த்தேன்.
பையைத் திறந்து, அடிவரை துழாவி,
இன்னொரு பாக்கெட்டை நீட்டினார்.
இரண்டாக வாங்கினால்தான் கடையில் விலை குறைவாம்.

அவள் அதை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டாள்.
பிறகு நான் கொடுத்த ஐம்பது டாலரை
வெயிலில் தூக்கிப் பிடித்தாள்.
மூலை மடங்கியிருந்தது.
வேறு கொடு என்றாள்.