மூன்று விரற்கடை

தூத்துக்குடியில் மூன்றாம் எண் கூண்டு ஏறிய மதியம்
வள்ளத்தை ஆற்றுக்குள் ஏற்றிக் கட்டச் சொன்னார்கள்.
புன்னைக்காயலுக்கு மேலே புதுப்பாலம்.
போன மாசியில் திறந்தது,
எங்கள் பாய்மரத்தை ஒரு வார்த்தை கேட்காமல்.

இறக்கிவிட்டால் என்ன என்பீர்கள்.
ஆப்பு மழையில் ஊறி மரத்தோடு ஒட்டிக்கொண்டது.
கயித்தான் அடித்த அடியில்
சுத்தியல்தான் கழன்று விழுந்தது.

பாலத்துக் காவலாள் யாருக்கோ போன் போட்டுச் சொன்னான்:
ஐந்தரை மீட்டர்.
எதிலிருந்து?
தண்ணியிலிருந்து.
எந்தத் தண்ணியிலிருந்து, தம்பி?
பாபநாசம் திறக்குமுன்னா, திறந்த பிறகா?
கடல் ஏறி நிற்கும்போதா, வற்றிக் கிடக்கும்போதா?
மறுபடி போட்டான்.
எடுக்கவில்லை.

மரம் பதினோரு முழம் என்கிறான் கயித்தான்.
என் கைக்குப் பன்னிரண்டு.

எண்களை விட்டுவிட்டுத் தூண்டில் நூலை எடுத்தேன்.
பாலத்தின் அடிவயிற்றிலிருந்து
ஈயக்குண்டு ஆற்றைத் தொடும்வரை விட்டு
முடிச்சிட்டேன்.
அந்த முடிச்சைப் பாய்க்கயிற்றில் கோத்து
உச்சிக்கு இழுத்தேன்.
குண்டு தண்ணீரைத் தொடாமல் தொங்கியது,
ஒன்றரைச் சாண் உயரத்தில்,
ஆடி ஆடி.

ஆறு வேறு ஏறிக்கொண்டிருந்தது.

வாளியை எடுத்து
ஆற்றை மொண்டு வள்ளத்துக்குள் ஊற்றினேன்.
"ஏட்டி, முக்கவா பாக்க?"
"பாதி முக்கணும்."
அதற்குப் பிறகு அவனும் மொண்டான்.
செலஸ்தீன் வந்தாள், அவள் மருமகன் வந்தான்,
ஐஸ் கம்பெனி ஆட்கள் மூன்று பேர்
ஐஸ் பெட்டியோடு ஏறினார்கள்.
புயலுக்குப் பயந்து வந்த வள்ளத்தை
நாங்களே கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கடித்தோம்.

விளிம்புக்கு நாலு விரல் இருக்கையில்
குண்டு நனைந்தது.
நூல் மூன்று விரற்கடை தளர்ந்தது.
போதும், விடு என்றேன்.

பாலத்துக்கு அடியில் மழை இல்லை.
மோட்டார் சத்தம் மட்டும் இரண்டாகக் கேட்டது.
கணுக்கால் வரை தண்ணீரில் எல்லோரும்
மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.
கிர்ரென்று ஒன்று இழுத்தது.
சிமெண்ட் தூள் என் கண்ணில் விழுந்தது.

கப்பிக்கு மேலும் மரம் உண்டு,
நாலு விரல் அளவு, ஒரு மொட்டைக் குச்சி.
நூல் கப்பியோடு நின்றுவிட்டது, நானும் நின்றுவிட்டேன்.

பாலத்தின் வயிற்றில் நீலக் கோடு, ஒரு பாகம் நீளம்.
அடுத்த கூண்டுக்கு யாரும் போன் போட வேண்டாம்.

அக்கரையில் தென்னையோடு கட்டினோம்.
கயித்தான் ஒன்றும் சொல்லவில்லை.
முழங்கால் மடித்து உட்கார்ந்து
வாளியை என் பக்கம் தள்ளினான்.