அறுபத்தைஞ்சு

முள்ளு ஏழு வருசமாய்ப் பூச்சியத்தில் படுத்துக் கிடந்தது.
மொறிஸ் மைனருக்கு ஸ்பீடோமீற்றர் நடுவில.
ஓட்டுறவனுக்கு மட்டுமில்லை,
ஏறுற எல்லாருக்கும் தெரியிற இடம்.
போன கிழமை அல்லைப்பிட்டியில மறிச்ச பொலிஸ்காரப் பொடியன்
குனிஞ்சு பாத்திட்டுக் கேட்டான்:
"அண்ணை, கார் ஓடுதோ நிக்குதோ?"

நாவாந்துறையில நோயலின்ர கராஜ்.
வலை காயிற மதில், ஒரு வேம்பு, ரெண்டு ஜாக்கி.
"கேபிள் அறுந்திட்டுது" எண்டன்.
"பாக்காமல் சொல்லாதை" எண்டான்,
வருத்தக்காரன் வருத்தத்தின்ர பேரையும்
எழுதிக்கொண்டு வந்தால் டொக்டர் முறைப்பாரே, அப்பிடி.

பின் சில்லு ஒண்டைத் தூக்கிக் கியரில விட்டான்.
டாஷ்போட்டுக்குப் பின்னால கை போட்டுச் சுரையைக் கழட்டி
கேபிள் நுனியில என்ர விரலை வைக்கச் சொன்னான்.
சதுர நுனி.
விரலுக்கடியில கிறுகிறுவெண்டு சுத்துது.
கியர்பெட்டியில பிழையில்லை, கேபிளில பிழையில்லை.
"அப்ப மண்டைக்குள்ள" எண்டான்
என்ர மண்டையைப் பாத்தபடி.

கவிட்டு வைச்ச ஐஸ்பெட்டிக்கு மேல அதைப் பிரிச்சான்.
உள்ள ஒரு காந்தம். அதைச் சுத்தி ஒரு அலுமினியக் கிண்ணம்.
ரெண்டும் ஒண்டையொண்டு தொடாது.
தொடாமலே காந்தம் கிண்ணத்தை இழுக்கும்.
மயிரளவு சுருள்வில்லு ஒண்டு போகாதை எண்டு பிடிக்கும்.
அந்த இழுபறியில முள்ளு எங்க நிக்குதோ
அதுதான் வேகமாம்.
நான் இவ்வளவு நாளும் அது றோட்டின்ர விசயம் எண்டிருந்தன்.

கிண்ணத்தின்ர விளிம்பையும் சட்டத்தையும் சேத்து ஒட்டினபடி
ரெண்டு பல்லிமுட்டைக் கோது.
"பல்லி சொன்னால் பலன் பாக்கிறியள்,
இது சொல்லாமலே செய்திட்டுப் போட்டுது."
ஊசியால சுரண்டினவன் கையை நிப்பாட்டினான்.
"பல்ப் ஓட்டையாலதான் பூந்திருக்கு. பல்ப் எங்கை?"

பல்ப் எங்கையெண்டு எனக்குத் தெரியும்.

வேலணை. ராத்திரி. கார்த்திகை மழை.
பின் சீற்றில தர்மினி, இடுப்பு நோ.
முன்னால தமக்கை வதனி,
வெளிச்சம் போட்ட அந்த வட்டத்தை விட்டுக் கண் எடுக்கேல்லை.
"அண்ணை, முப்பத்திநாலிலயே நிக்குதே."
மிதிச்சபடிதான் இருந்தன்.
அந்த எஞ்சினிட்ட இருந்தது அவ்வளவுதான்.
கீழால கை விட்டு பல்பைப் பிடுங்கினன்.
வட்டம் இருண்டுது.
"இப்ப?"
"அறுபது."
பண்ணைப் பாலம், ரெண்டு பக்கமும் கறுத்தத் தண்ணி.
"இப்ப?"
"அறுபத்தைஞ்சு."
அவள் பின்னுக்குத் திரும்பிச் சொன்னாள்,
"அறுபத்தைஞ்சில போறம் பிள்ளை, பல்லைக் கடிச்சுக்கொண்டிரு."
பெரியாஸ்பத்திரி வாசலில, கதவு திறக்க முந்தி
தலை வந்திட்டுது.

நோயலுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை.
ஓட்டோவின்ர பல்ப் ஒண்டைப் போட்டான்.
எண்ணெய் ஒரு சொட்டு.
முட்டைக்கோதுக்குக் காசு வேண்டேல்லை.

நேற்று வதனியின்ர ஹயர், பல் டொக்டரிட்ட.
பெடியன் துவிஷன் முன்னுக்கு,
வட்டத்தில மூக்கு முட்ட.
முள்ளு எழும்பினதைக் கண்டு குதிச்சான்.
"மாமா, நான் பிறக்கேக்க ஓடின மாதிரி
அறுபத்தைஞ்சில விடுங்கோ!"

மிதிச்சன்.
இருபத்தெட்டு. முப்பத்தொண்டு.
முப்பத்தாறில நடுங்கிக்கொண்டு நிண்டுது.
பாலத்தில ஒரு சைக்கிள்காரன் எங்களோட கொஞ்சத்தூரம்
பக்கத்திலயே வந்தான், காத்து அவனுக்குப் பின்னால.
பெடியன் என்னைப் பாத்தான்.
நான் கொக்கைப் பாத்தன்.

பின்னுக்கிருந்து வதனி, கண்ணாடியில என்ர கண்ணைப் பிடிச்சபடி:
"அண்டைக்கு மழையடா.
ஈர றோட்டெண்டால் இந்தக் கார் நல்லா ஓடும்."

அவன் கொஞ்சம் யோசிச்சான்.
"அப்ப மழைக்கு வருவம்" எண்டான்.